வெளியூர் வரிசை

இழுப்பறையை ஒழுங்குபடுத்தியதற்காக மருமகளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் அவள். எந்த அட்டையை எந்தத் தட்டில் வைப்பது, எது முதலில் காலாவதியாகும், எதை முன்னால் நகர்த்துவது என்பதெல்லாம் கைப்பழக்கமாகவே வந்துவிடும். விடுதியில் வளர்ந்தவள். ஒரே ஒரு அலமாரித் தட்டுதான் பல வருடங்களுக்கு அவளுடைய வீடு. புகுந்த வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டபோது, அவளுக்குத் தெரிந்த ஒரே உபகாரத்தைச் செய்தாள்.

மாமியாரின் டிரெஸ்ஸிங் டேபிள் இழுப்பறையைத் திறந்து, நூல் சுற்றிய பென்சில்களையும் ரப்பர் வளையம் மாட்டிய லிப்ஸ்டிக்குகளையும் குப்பிகளையும் வெளியே எடுத்தாள். நூலை அறுத்தாள், ரப்பரைக் கழற்றினாள், எல்லாவற்றையும் துடைத்தாள். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிகளில் இனம் பிரித்து அடுக்கி, கடையில் அச்சிட்டுக் கொண்டுவந்த சீட்டுகளை ஒவ்வொன்றின் உள்ளடியிலும் ஒட்டினாள். புருவம். உதடு. கன்னம். கண். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அழகா இருக்கும்மா" என்றார் மாமியார்.

சொல்லும்போதே அவர் கை அந்தப் பெட்டிகளின் மேல் மெல்ல நகர்ந்து, எதையோ தேடி, கிடைக்காமல் மடிக்குத் திரும்பிவிட்டது. கை திரும்பிய விதம்தான் போன வாரம் முழுவதும் மருமகளின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இன்று அந்த முள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் நாள்.

*

மாமியாரைத் தெருவில் இன்னமும் 'டெலிபோன் அம்மா' என்றுதான் சொல்வார்கள். ஊரின் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வயர் செருகும் போர்டின் முன் உட்கார்ந்து ஊரையே ஊரோடு பேச வைத்தவர். அந்தக் கட்டடத்தை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். இடிப்பதற்கு முன் பழைய ஆபரேட்டர்கள் எல்லோரும் ஒரு முறை கூடி, அந்தக் கூடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. இன்று மத்தியானம்.

காலையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியின் முன் உட்கார்ந்தார். எப்போதும்போலக் கண்ணை மூடி ஒரு நிமிடம் பிரார்த்தனை செய்தார். மற்ற நாளில் எல்லோருக்காகவும் வேண்டுவார். இன்று தனக்காக ஒன்று கேட்டார். இன்றைக்கு மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம், ஆண்டவனே.

கண்ணைத் திறந்தார். கண்ணாடியின் விளிம்புகள் தெரிந்தன. ஜன்னல் திரை தெரிந்தது. நடுவில் அவருடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ ஈரத்துணியால் தேய்த்துவிட்டுப் போனது போல ஒரு மங்கல்.

இது நேற்று வந்த மங்கல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. பரவப் பரவ, அவர் தன் இழுப்பறையைக் கைக்குப் பழக்கிக்கொண்டார். அது ஒன்றும் அவருக்குப் புதிய வித்தை அல்ல. போர்டின் முன் உட்கார்ந்த நாளிலேயே, துளையைப் பார்க்காமல் வயரைச் செருகப் பழகிய கை. இடது பக்கம் உள்ளூர் இணைப்புகள், வலது பக்கம் வெளியூர். விளக்கு எரிந்ததும் வாய் பேசும், கை தானாகப் போகும்.

இழுப்பறையையும் அவர் அப்படித்தான் ஆரம்ப காலத்திலேயே பிரித்திருந்தார். இடது பக்கம் உள்ளூர் வரிசை: கோல்ட் கிரீம், பவுடர், கண் மை, சீப்பு. வலது பக்கம் வெளியூர் வரிசை: லிப்ஸ்டிக், கன்னச் சிவப்பு, சென்ட். மகன் சின்னப் பையனாக இருந்தபோது, அம்மா கண்ணாடி முன் உட்கார்ந்தாலே வாசலில் வந்து நின்றுகொண்டு, "இன்னைக்கு உள்ளூரா, வெளியூரா?" என்று கேட்பான். வெளியூர் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு போவார். அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே அவன் செருப்பைத் தேடி ஓடுவான்.

பார்வை குறையத் தொடங்கியபின் அந்த வரிசைகளோடு நூலும் ரப்பரும் சேர்ந்துகொண்டன. ஒரு ரப்பர் மாட்டியது பகலுக்கான லிப்ஸ்டிக், இரண்டு மாட்டியது விசேஷத்துக்கு. நூல் சுற்றியது புருவப் பென்சில், சுற்றாதது உதட்டுப் பென்சில்.

இப்போது எல்லாப் பெட்டியும் ஒரே வழவழப்பு. எல்லாப் பென்சிலும் ஒரே உருண்டை. கையில் பட்ட ஒன்றை எடுத்து, முனையைத் தொட்டுப் பார்த்து, இதுதான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு, பழக்கத்தின் தைரியத்தில் புருவம் தீட்டினார்.

*

முன்னறையில் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வீட்டோடுதான். மகன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு, தாமதமாகிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். மாமனாருக்குத் துணையாக வீட்டில் இருக்க, மருமகள் கடைக்குப் பகல் விடுப்புச் சொல்லியிருந்தாள்.

கதவு திறந்தது. சாம்பல் நிறப் பட்டு உடுத்தி, தலை நிமிர்த்தி, மாமியார் வந்து நின்றார். புருவங்கள் இரண்டும் செக்கச் செவேல் என்று இருந்தன.

மகன் முதலில் பார்த்தான். அவனுக்கு எதையும் சிரிப்பாக எடுத்துக்கொள்ளும் சுபாவம், அதில் கள்ளம் கிடையாது. "என்னம்மா, புருவத்துக்கும் லிப்ஸ்டிக்கா? கண்ணு தெரியலையா உனக்கு?" என்று சிரித்துவிட்டான்.

மாமியாரின் முகத்தில் இருந்த நிமிர்வு ஒரு நொடியில் கலைந்தது. கை தானாகப் புருவத்துக்குப் போனது. பாதி வழியில் நின்றது. எதைத் துடைப்பது, எவ்வளவு துடைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்கள் மகனைப் பார்க்கவில்லை. மகனின் தோளுக்கு அப்பால் சுவரைப் பார்த்தன.

மருமகளுக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. நூல், ரப்பர், பெட்டிகளின் மேல் தேடிய கை, எல்லாம்.

"அது என் தப்பு" என்றாள். "பென்சில் பெட்டியில லேபிள் மாத்தி ஒட்டிட்டேன். அத்தை லேபிளைப் பார்த்து எடுத்திருக்காங்க. நீங்க சும்மா இருங்க. கடையில இந்த மாதிரி ஒட்டியிருந்தா என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பாங்க."

பொய் பொய்தான். அதற்கு வேறு பெயர் இல்லை. ஆனாலும் ஒருவர் தலை குனியாமல் இருப்பதற்காக இன்னொருவர் குனிந்துகொள்கிறபோது, மேலே இருக்கிறவர் அதைப் பொய்களோடு சேர்த்து வைப்பார் என்று தோன்றவில்லை.

மகன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். மாமனார் செய்தித்தாளைப் புரட்டினார். மருமகள் மாமியாரின் முழங்கையைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனாள்.

*

கதவு சாத்தப்பட்டதும் மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். மருமகள் பஞ்சில் கோல்ட் கிரீம் தொட்டு, அந்தச் சிவப்பை மெதுவாகத் துடைத்து எடுத்தாள். எவ்வளவு நாளாக என்று அவள் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை.

அவள் கேட்டது வேறு. "எந்தப் பக்கம் எது இருக்கணும் அத்தை? நீங்க சொல்லுங்க, நான் வெக்கறேன்."

மாமியாருக்கு அழுகை முட்டியது. ஆனால் வந்தது ஒரு சின்னச் சிரிப்பு.

"இடது பக்கம் உள்ளூர்" என்றார்.

பிறகு அந்த அறை பழைய எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டது. மாமியார் கையை நீட்டி, வேண்டியதைச் சொல்லுவார். மருமகள் அந்தக் கையில் வைப்பாள். பவுடரை அவரே போட்டுக்கொண்டார், மையை அவரே தீட்டினார், லிப்ஸ்டிக்கை அவரே இழுத்தார். மருமகள் எதையும் தன் கையால் பூசவில்லை. ஒரு இடத்தில் மட்டும், 'கொஞ்சம் வலது பக்கம்' என்றாள்.

நடுவில் மாமியார் பழைய கதைகளைச் சொன்னார். அங்கே வேலை பார்த்த பெண்கள் ஒருவர்கூட முகம் கழுவாமல், பவுடர் போடாமல் போர்டின் முன் உட்கார்ந்ததில்லையாம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று புதிதாக வந்த ஒருத்தி கேட்டபோது, மேற்பார்வை பார்த்த அம்மா, பார்க்காதவர்களுக்கும் குரலில் தெரியும் என்றாராம். லிப்ஸ்டிக் போட்ட நாளில் தனக்குச் சொற்கள் திருத்தமாக வரும் என்று இவரே நம்பியிருக்கிறார். ஒரு பெருமழையில் கம்பிகள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இணைப்பு மிஞ்சிய நாளில், ஊரே வரிசையில் காத்திருக்க, இவர் குரல் உடையாமல் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டாரோடு பேச வைத்தாராம். அன்று போட்டிருந்தது இதே நிறம்தான் என்று லிப்ஸ்டிக்கை மூடிக்கொண்டே சொன்னார்.

இணைப்புக் கொடுத்ததும் எல்லா ஆபரேட்டரும் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்லாம். 'பேசுங்க.' அதைச் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். காதில் விழுந்ததை வெளியே கொண்டுபோகக் கூடாது.

அந்தப் பேச்சோடு பேச்சாகத்தான் மருமகள் சொன்னாள். சில கண் நோய்களைச் சீக்கிரம் காட்டினால் மேலே போகாமல் நிறுத்தி வைக்க வழி உண்டு, தள்ளிப்போடுவதுதான் ஆபத்து என்றாள். மாமியார் லிப்ஸ்டிக்கை வலது பக்கம் வைத்தார். திங்கட்கிழமை வருகிறேன், ஆனால் நீயும் நானும் மட்டும் என்றார்.

"உன் மாமாவுக்குத் தெரியக் கூடாது. அவர் பார்சல் ஆபீஸ்காரர்மா. உடையற சாமான்னா ஒரு சீட்டை ஒட்டி, தனியா ஒரு மூலையில வெச்சுப் பழகினவர். என்னையும் அப்படி வெச்சுடுவார். நான் மூலையில உக்காந்து பழகலை."

மருமகள் சத்தியம் செய்து கொடுத்தாள். நூலையும் ரப்பரையும் தானே திரும்பக் கட்டி வைப்பதாகவும் சொன்னாள்.

வெளியே வந்த மாமியாரைப் பார்த்து மகன் இந்த முறை சிரிக்கவில்லை. "வெளியூரா?" என்று மட்டும் கேட்டான்.

"வெளியூர்தான். வண்டியை எடு" என்றார் அவர்.

*

கார் போன சத்தம் அடங்கியதும் மருமகள் சமையலறைக் கதவின் பின்னால் மாட்டியிருந்த பையை எடுத்தாள். மருந்துக்கடையில் காலாவதியானதை உடனே குப்பையில் எறிய மாட்டார்கள். தனியாக ஒதுக்கி, ஒரு முறை சரிபார்த்தபின்தான் அழிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் இழுப்பறையிலிருந்து கழித்ததை எல்லாம் இந்தப் பையில் போட்டு வைத்திருந்தாள். கெட்டிப்பட்டுப்போன குப்பிகள், மூடி நெளிந்த வட்டமான பவுடர் டப்பா, அறுத்த நூல்கள், ரப்பர் வளையங்கள்.

பவுடர் டப்பா காலிதான். திறந்து முகர்ந்து பார்த்தாள். அதில் இன்னும் ஒரு வாசனை இருந்தது. இதைப் போய்க் கழித்தோமே என்று வெட்கமாக இருந்தது.

சீட்டுகளை உரித்துக் கூடையில் போட்டாள். புதுப் பெட்டிகளை ஓரமாக அடுக்கினாள். புருவப் பென்சிலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நூல் வழுக்கிக் கழன்று வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி கழன்றது.

"அப்படிப் போட்டா நிக்காதும்மா" என்றது ஒரு குரல்.

மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு நூல் கண்டு. வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பென்சிலை வாங்கினார். நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, கீழே விட்டு மேலே எடுத்து, சுண்டி ஒரு இழுப்பு. முடிச்சு பென்சிலோடு ஒட்டிக்கொண்டது.

"பார்சல் முடிச்சு. ஊரைத் தாண்டிப் போனாலும் அவிழாது" என்றார்.

மருமகள் அவரையே பார்த்தாள். அவர் அடுத்த பென்சிலை எடுத்தார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். மனைவி காபி டம்ளரை மேஜையில் வைக்கும் முன் விரலால் விளிம்பைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கிய நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு இழுப்பறையில் நூல்கள் முளைத்தன. முடிச்சுப் போட அவளுக்கு வராது, எப்போதும் வராது, கல்யாணமான புதிதில் மூட்டை கட்டினால் பாதி வழியில் அவிழ்ந்துவிடும். அதனால் அவள் குளிக்கப் போகும் நேரத்தில் இவர் வந்து அவளுடைய முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தன் முடிச்சைப் போட்டு வைப்பார். அவளோ, தான் போட்ட முடிச்சே இப்படி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் மாமா கேக்கலை?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கேட்டா, உடையும் பொருள்னு நானே சீட்டு ஒட்டின மாதிரி ஆயிடும். ஆபீசில எத்தனையோ ஒட்டியிருக்கேன். சீட்டு ஒட்டின பெட்டியைத்தான் எல்லாரும் தொடவே பயப்படுவாங்க. அவளை யாரும் தொடாம இருக்கறதை என்னால பார்க்க முடியாதும்மா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

அவள் அவருக்கும் சத்தியம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு காதில் அத்தை, ஒரு காதில் மாமா. இரண்டு முனையிலும் ஆள் காத்திருக்கிறது. நடுவில் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தான் இங்கே யார் என்று அவளுக்குப் புரியாமலே இருந்தது. அன்று மத்தியானம் கொஞ்சம் புரிந்தது.

*

பொழுது சாயும் நேரத்தில் கார் வந்தது. மாமியார் இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார். யார் யார் வந்தார்கள், யார் இப்போது இல்லை, போர்டு இருந்த சுவரில் துளைகளின் அடையாளம் இன்னும் இருக்கிறது, எல்லோரும் அதைத் தடவிப் பார்த்து அழுதார்கள், நான் மட்டும் என் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தேன். இப்படியே சொல்லிக்கொண்டு போனார். படத்தை அங்கேயே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

மாமனார் படத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பழைய ஆபரேட்டர்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் கேமராவில். மாமியாரின் கண் மட்டும் ஒரு ஓரமாகத் திரும்பியிருந்தது. நடுப்பார்வை மங்கியவர், ஓரப் பார்வையால் பார்த்திருக்கிறார்.

"எப்படி இருக்கேன்?" என்று மாமியார் கேட்டார்.

மாமனார் படத்தில் இருந்த அந்த முகத்தின் மேல் விரலை வைத்தார். "எல்லாரும் கேமராவைப் பார்க்கறாங்க. நீ மட்டும் என்னைப் பார்க்கறே" என்றார்.

மாமியார் சிரித்தார். கன்னச் சிவப்பு இன்னும் கலையாமல் இருந்தது. சென்ட் குப்பியைக் கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். வலது பக்கம், வெளியூர் வரிசையில் அதை வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் இல்லை.

"இங்க வாம்மா" என்றார் உள்ளிருந்து.

மருமகள் போனாள். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, புருவப் பென்சிலின் முடிச்சைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்பத் தடவினார்.

"நூலை எல்லாம் நீ அறுத்துட்டே. இன்னைக்குப் புதுசா கட்டறேன்னு சொன்னே. சரி. ஆனா இது பழைய முடிச்சு. இத்தனை நாளா என் கை பழகின அதே முடிச்சு." அவர் குரல் தணிந்தது. "இது நீ போட்டதில்லையே? அப்போ பழசும் நான் போட்டதில்லை."

மருமகள் வாசலைப் பார்த்தாள். மாமனார் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றார். அவர் முகத்தில், பெட்டியைக் கீழே போட்டுவிட்ட ஆளின் திகில்.

இருவருக்கும் செய்து கொடுத்த சத்தியம் அவளிடம் இருந்தது. எதையும் அவள் சொல்லவில்லை. மாமனாரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, அதை மாமியாரின் கையில், அந்த முடிச்சின் மேலேயே வைத்தாள்.

"லைன்ல ஆள் இருக்காங்க அத்தை" என்றாள். "பேசுங்க."

விலகி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே மாமியாரின் குரல், பழைய எக்ஸ்சேஞ்சுக் குரல், திருத்தமாக எதையோ கேட்டது. என்னவென்று காது கொடுக்காமல் அவள் நடந்தாள்.

கூடத்தின் முனையில் அவள் கணவன் நின்றான். குப்பைக் கூடை அவன் காலடியில் இருந்தது. உள்ளங்கையில் அவள் உரித்துப் போட்ட சீட்டு ஒன்றை விரித்து வைத்திருந்தான். சீட்டின் மேல், பெட்டிக்குள் கிடந்த புருவப் பென்சிலின் கறுப்பு தீற்றியிருந்தது. அந்தக் கறுப்புக்கு அடியில் 'புருவம்' என்று சரியாகவே அச்சடித்திருந்தது.

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"லேபிள் சரியாத்தானே ஒட்டியிருக்கே" என்றான். "அம்மாவுக்கு என்ன?"